கீழ்க்கைக்கு ஓர் இடம்

போன வருடம் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம் சபையிலிருந்து கேட்டார்கள்: பிரசங்க பீடத்து விரிப்பு நைந்துவிட்டது, புதிதாக ஒன்று தைத்துத் தர முடியுமா டீச்சர் என்று. பழைய விரிப்பில் கோதுமைக் கதிர் இருந்தது. நெற்கதிர் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். அந்த விரிப்புக்காகத்தான், துணியை இறுக்கிப் பிடித்து மடியில் நிற்கும் ஒரு ஃப்ரேமைச் செய்துகொள்ள வேண்டி வந்தது. நாஞ்சில் நாட்டில் அறுப்பு என்றால் நெல்தானே. சுசீந்திரம் பக்கம் வயலில் கேட்டு இரண்டு கதிர் வாங்கி வந்து, மேசைமேல் வைத்துப் பார்த்து வரைந்தேன். முற்றிய கதிர் எந்த இடத்தில் வளைகிறது, ஒவ்வொரு மணியின் நுனியும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பார்த்து வரைவதற்கே ஒரு வாரம் ஆயிற்று.

அகலம் 20 அங்குலம், நீளம் 28. கொஞ்சம் கனமான வெள்ளைப் பருத்தித் துணி. நடுவே திராட்சைக் கொடி, இரண்டு பக்கமும் கதிர்க்கட்டு. நெல்மணிக்கும் பழத்துக்கும் இழைகளை நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நிரப்பும் சாட்டின் தையல், இலைக்கு நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் லாங் அண்ட் ஷார்ட் தையல். நூல் வழக்கம்போல ஆங்கர் கம்பெனியுடையது. 6 இழையில் 2 இழை மட்டும் பிரித்து எடுத்துத் தைக்கிறேன்.

தொடங்கியது, துணியை இடுக்கிப் பிடிக்கும் 8 அங்குல எம்பிராய்டரி வளையத்தில்தான். சிறு வயதிலிருந்து கையில் பிடித்துப் பழகியது அது. முதல் திராட்சைக் குலை முடிந்து வளையத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்தியபோது, தைத்து முடித்த பழங்களின் மேலேயே அது ஏறி உட்கார்ந்தது. கழற்றிப் பார்த்தால் நூலின் பளபளப்பு போய், வட்டமாகத் தடம் விழுந்து கிடந்தது. ஆவி காட்டி, நகத்தால் நீவி ஓரளவு எழுப்பினேன். ஆனால் அந்த மூன்று பழம் மற்றவை மாதிரி இல்லை, என் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் இடது கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்துவிட்டது. காலையில் பால் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. டாக்டர் மூன்று வாரம் கைக்கு ஓய்வு கொடுங்கள், அப்புறமும் எதையும் மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்றார். தைப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. பிடிப்பதைத்தான் விடச் சொன்னார்.

எங்கள் வீட்டில் இது மூன்று தலைமுறை வேலை. 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து இந்த ஊரில் ஊசியும் நூலும் பல வீடுகளுக்குச் சோறு போட்டிருக்கின்றன. அம்மா வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் மேசை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுத்தார். அம்மாவின் வளையத்தில் திருகாணியே கிடையாது. இரண்டு மூங்கில் வளையம், உள்வளையத்தில் சுற்றிய கிழிந்த மல் துணிதான் பிடிப்பு. பெரியம்மா லேஸ் பின்னுவார். கெட்டியாக அடைத்த தலையணையை முன்னால் வைத்து, குண்டூசிகளைக் குத்தி நிறுத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போடுவார். அந்தக் கட்டைகள் மோதும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரியம்மாவின் கை ஒருநாளும் வேலையைப் பிடித்திருந்ததில்லை, அது தலையணையின் பாடு. கை முழுவதும் நூலுக்குத்தான். அந்த ஓய்வு நாட்களில் எனக்குப் பெரியம்மாவின் தலையணைதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

சரி, துணியைத் தானே இறுக்கிப் பிடித்து மடிமேல் நிற்கும் மடி ஃப்ரேம் ஒன்று வாங்கிவிடலாம் என்று இணையத்தில் தேடினேன். படம் அழகாக இருந்தது. மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, பக்கத்துக்கு ஒரு சட்டம், மூலைகளில் காது வைத்த நட்டு, அடியில் இரண்டு கால். எல்லா அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. 2,300 ரூபாய். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

வந்து பிரித்ததும் முதலில் உருளையில் அடித்திருந்த நாடாவை அளந்தேன். உருளையின் நீளம் 24 அங்குலம். ஆனால் துணியைத் தைத்துப் பிடிக்க வேண்டிய நாடா 17 அங்குலம்தான் அடித்திருந்தார்கள். ஃப்ரேம் வாங்குகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள். கம்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை, நாடா எவ்வளவோ அவ்வளவுதான் துணி. துணியின் கட்டங்களை எண்ணித் தைக்கும் கிராஸ் ஸ்டிச் செய்கிறவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 196 கட்டம் அகலமான படம் என்றால் 14 அங்குலம். பக்கத்துக்கு 2 அங்குலம் வெற்றுத் துணி விட்டால் 18. நாடா அதற்குக் குறையக் கூடாது.

என் 20 அங்குலத் துணி அதில் ஏறாது. கையைப் பழக்கவாவது ஆகட்டும் என்று சின்னத் துணி ஒன்றை ஏற்றினேன். அரை மணி நேரத்தில் துணி தொய்ந்தது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் உருளை வழவழவென்று திரும்பிவிட்டது. ஊசியைக் கீழே தள்ளும்போதெல்லாம் துணியும் கூடவே இறங்கினால் சாட்டின் தையலில் ஓரம் ஒரே வரிசையில் நிற்காது. இறுக்கமான துணியில் ஊசி போகும்போது 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அது வரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வந்தாள். பார்வதிபுரத்தில் வீட்டிலேயே ஆரி ஒர்க் செய்கிறாள், கல்யாண பிளவுஸ் சீசனில் இரவு பகல் பார்க்க மாட்டாள். நான் நாடாவையும் நட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் அதைக் கேட்கவே இல்லை. ஃப்ரேமை என் மடியில் எடுத்து வைத்தாள். குனிந்து, தன் கையைத் துணிக்கு அடியில் விட்டுப் பார்த்தாள். முட்டி இடித்தது.

"அத்தை, இதுல கீழ்க்கை எங்க போவும்?"

ஆரி வேலை செய்கிறவளுக்குத்தான் இந்தக் கேள்வி உடனே வரும். ஆரி ஊசியின் நுனியில் சின்னக் கொக்கி. மேல்கை ஊசியைத் துணிக்குள் இறக்கும். கீழ்க்கை அடியில் நூலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கும். மேல்கை அதைச் சுற்றாக மேலே இழுக்கும். அடுத்த குத்து அந்தச் சுற்றுக்குள். இப்படித்தான் சங்கிலி வரும். கீழ்க்கைக்கு இடமில்லாவிட்டால் ஆரியே இல்லை. அதனால்தான் அவர்கள் துணியைத் தானாக நிற்கும் சட்டத்தில் கட்டிவிட்டு உட்காருகிறார்கள். சாதாரண ஊசி வேலைக்காரர்களான நாங்கள் வளையத்தை ஒரு கையில் பிடித்தே பழகியதால், இரண்டாவது கை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து என் தொடையின் மேல்பக்கம் 5 அங்குலம் வருகிறது. அந்த ஃப்ரேமின் கால் 7 அங்குலம். மிச்சம் 2 அங்குலத்துக்குள் ஒரு கையும் ஊசியும் எப்படிப் போகும்? போதாததற்கு, இரண்டு காலையும் இணைக்கும் குறுக்குக் கட்டை சரியாகத் துணியின் நடுவுக்குக் கீழே ஓடியது. ஃப்ரேமை வரைந்தவர் மேலே இருந்து மட்டும் பார்த்து வரைந்திருக்கிறார்.

எங்கள் தெருமுனையில் ஆசாரி அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். கதவு, ஜன்னல்தான் அவர் வேலை. ஃப்ரேமைக் கொண்டுபோய் வைத்து, கையை அடியில் விட்டுக் காட்டினேன். அவர் நட்டைக் கழற்றி, உருளையின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"டீச்சர், இது வழுக்காம என்ன செய்யும்? மரமும் மரமும் வழவழன்னு இருக்கு. நடுவுல பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லியே."

பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்தார். வட்டமாக வெட்டி, நடுவே துளை போட்டு, உருளைக்கும் சட்டத்துக்கும் இடையில் வாஷராக வைத்து முறுக்கினார். நான்கு துண்டு ரப்பர். என் முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. உங்களிடம் இப்படி வழுக்குகிற ஃப்ரேம் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள், சைக்கிள் டியூப் போட்டுப் பாருங்கள்.

உருளைகளை வைத்துக்கொண்டோம். பழைய நாடாவைப் பிடுங்கிவிட்டு, கெட்டியான 24 அங்குல நாடா வாங்கி நெருக்கமாக அடித்தோம். பக்கச் சட்டம் சேரும் இடத்துக்காக உருளைகளின் முனையில் தேக்குத் துண்டு ஒட்டி நீட்டிக்கொடுத்தார். பக்கச் சட்டங்களும் கால்களும் மட்டும் புதிது. ஜன்னல் வேலையில் மிஞ்சிய பழைய தேக்கு, நன்றாகக் காய்ந்தது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காயாத மரம் என்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

கால்களின் அமைப்பை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். திவானில் உட்கார்ந்தால் தொடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை படுத்திருக்கும், 14 அங்குல நீளம். பலகையிலிருந்து ஒரு தூண் எழும்பும். அந்தத் தூணைப் பலகையின் நடுவில் நிறுத்தாமல் முழங்கால் பக்கம் தள்ளி நிறுத்தச் சொன்னது அண்ணன் மகள். குறுக்குக் கட்டையும் அந்தப் பக்கமே போய்விட்டது. இப்போது என் வயிற்றுப் பக்கம் முழுவதும் திறந்திருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்தும் கையை உள்ளே விடலாம். தூணில் 8 அங்குலத்திலிருந்து 12 வரை அங்குலத்துக்கு ஒரு துளை. போல்ட்டைக் கழற்றி மாட்டினால் உயரம் மாறும். நான் 10-இல் வைத்திருக்கிறேன். அண்ணன் மகள் உட்கார்ந்தால் 11. பலகையின் அடியில் பழைய ஜமுக்காளத்தை வெட்டி ஒட்டினோம், சேலையில் வழுக்காமல் இருக்க.

பக்கச் சட்டத்தின் நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு உருளைகளுக்கும் நடுவே எனக்கு 13 அங்குலம் துணி விரிந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் தூரத்து ஓரத்துக்குக் கீழ்க்கை எட்டாது. எட்டிப் பிடிக்கப் போனால் தோள்பட்டை தூக்கிக்கொள்ளும், சாயங்காலம் கழுத்து வலிக்கும். பெரிய ஃப்ரேம் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டு கையை நீட்டி அளந்து பாருங்கள், அந்த அளவுக்குள் இருக்கட்டும்.

மாற்றிக்கொள்ளலாம் என்று விற்கிற ஃப்ரேம்களில் எது எது மாறும் என்று பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இரண்டு மாற்றம்தான்: உயரமும் சாய்வும். துணி தட்டையாக இருந்தால் குனிந்தே தைக்க வேண்டும். தூரத்து விளிம்பைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தால் முதுகு நிமிர்ந்துவிடும், கீழே கைக்கும் இடம் கூடும். அகலத்தை நீட்டிச் சுருக்கும் வகையும் கடையில் உண்டு. கம்புக்குள் கம்பு வைத்தது. நான் கையில் எடுத்துப் பார்த்த இரண்டிலும் அந்த இணைப்பில் ஆட்டம் இருந்தது. ஃப்ரேமில் ஆட்டம் இருந்தால் மற்ற எல்லா வசதியும் வீண்.

பாலிஷ் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வெள்ளைத் துணியில் கறை பிடித்தால் போகாது. உப்புத்தாள் மட்டும், முதலில் 120, அப்புறம் 220. தேய்த்த பிறகு ஒரு பட்டு இழையை மரத்தின் மேல் எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் சிக்கியது, அங்கே மறுபடி தேய்த்தார். மரமும் கூலியும் சேர்த்து 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இனி துணி ஏற்றுவது. இதற்கு ஒரு முழுக் காலை நேரம் ஒதுக்குங்கள், அவசரப்பட்டால் இரண்டு மாதம் கோணலாகவே தைக்க வேண்டியிருக்கும். நாடாவின் நடுவைப் பென்சிலால் குறித்தேன். துணியின் நடுவை, மடித்துப் பார்த்து, ஒரு நூல் ஓட்டிக் குறித்தேன். துணியின் மேல் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து, நடுவும் நடுவும் சேரும்படி வைத்து, அங்கேயிருந்து வலது முனை வரை, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஊசி போகும் தையலால் நாடாவோடு பிடித்தேன். மறுபடி நடுவிலிருந்து இடது முனை வரை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போனால் துணி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். கீழ் உருளைக்கும் அதே மாதிரி. விரிப்பு 28 அங்குலம் என்பதால் மிச்சத்தைக் கீழ் உருளையில் சுற்றினேன், சுற்றுக்கு இடையே மெல்லிய மல் துணி வைத்து. இறுக்கி, நட்டைப் பூட்டினேன்.

பக்கங்களை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. உருளை மேலும் கீழும்தான் இழுக்கும். இடதும் வலதும் சும்மா விட்டால் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். துணியின் இரண்டு பக்க ஓரத்திலும் பருத்தி நாடா வைத்துத் தைத்து, கெட்டி நூல் கோத்த பெரிய ஊசியால் அங்குலத்துக்கு ஒரு குத்து: நாடாவுக்குள், சட்டத்தைச் சுற்றி, மறுபடி நாடாவுக்குள். இரண்டு பக்கமும் கோத்து முடித்த பிறகுதான் இறுக்க வேண்டும், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். முனையில் அவிழ்க்கக்கூடிய முடிச்சு. நெசவு இழை சட்டத்துக்கு நேராக ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். விரலால் தட்டினேன். சத்தம் வந்தது.

மழை நாளில் காலையில் தட்டினால் அந்தச் சத்தம் இருக்காது. பக்கக் கயிற்றை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இப்போதெல்லாம் கண்ணாடியை மாட்டியதும் முதலில் தட்டிப் பார்க்கிறேன்.

தைக்க உட்கார்ந்த முதல் வாரம் கஷ்டம்தான். வளையத்தில் ஊசியைச் சாய்த்து ஒரே வீச்சில் உள்ளே விட்டு வெளியே எடுத்துவிடலாம். இறுக்கமான ஃப்ரேமில் அது நடக்காது. மேலிருந்து குத்து, கீழே வாங்கு. கீழிருந்து குத்து, மேலே வாங்கு. அண்ணன் மகள் ஆரிக்கு வலதுகையை மேலே வைப்பாள், கொக்கியை நடத்துவது அந்தக் கை. சாதாரண ஊசி வேலையில் அதற்கு நேர்மாறாக, பழகிய கையைக் கீழே வைப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. கீழே இருக்கும் கைக்குக் கண் இல்லை, அதனால் கெட்டிக்காரக் கை அங்கே இருக்கட்டும். ஊசி எந்த இழைக்கு அருகில் மேலே வர வேண்டும் என்பதை வலதுகை தடவியே கண்டுபிடிக்கிறது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், நான் கீழ்க்கையைப் பற்றி நினைக்காமலேயே ஒரு முழு நெற்கதிரைத் தைத்து முடித்திருந்தேன். பதினெட்டு மணி. ஒவ்வொன்றின் ஓரமும் வரைந்த கோட்டின் மேலேயே நின்றது. கட்டைவிரலில் வலி இல்லை.

அப்புறம் வெளிச்சம். இத்தனை வருடம் ஜன்னல் என் இடது பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன், வலதுகையின் நிழல் துணியில் விழாமல் இருக்க. இப்போது மேலே இருப்பது இடதுகை. அதன் நிழல் சரியாகத் தைக்கிற இடத்தில் விழுந்தது. என்னவோ கண் மங்குகிறது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது. திவானை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டதும், வலது பக்க ஜன்னல் வெளிச்சத்தில் நூலின் முறுக்குக்கூடத் தெரிந்தது.

சுருட்டும் ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் ஆகாது. குந்தன் கல், மணி, உலோக இழையால் செய்யும் ஜர்தோசி என்று மேடாக வரும் வேலையை உருளையில் சுற்றினால் நசுங்கும், உடையும். அந்த வேலை செய்கிறவர்கள் முழு வேலையும் ஒரே பரப்பில் விரியும் சட்டமே வாங்க வேண்டும். திராட்சைக் கொடியின் சுருள் நுனிகளில் எனக்கும் பிரெஞ்சு முடிச்சுகள், அதாவது துணிக்கு மேலே புள்ளியாக எழும்பி நிற்கும் சின்ன முடிச்சுகள், இருக்கின்றன. அவற்றை எல்லாம் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், துணியை இறக்கிய பிறகு போட்டுக்கொள்வேன். பட்டில் தைக்கிறவர்கள் பட்டை நேரடியாக நாடாவில் தைக்காமல், மல் துணியை ஏற்றி அதன்மேல் பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். இழுவிசை மல் துணியோடு போய்விடும். கைப்பிடி உள்ள நாற்காலி இந்த மாதிரி ஃப்ரேமுக்கு ஆகாது, பெஞ்சோ திவானோ கட்டில் ஓரமோ வேண்டும். சம்மணம் போட்டாலும் முட்டி தூணில் இடிக்கும். தரையில் என்றால் காலை நீட்டித்தான் உட்கார வேண்டும்.

வேலை முடிந்ததும் மேலே ஒரு சுத்தமான வேட்டித் துணியைப் போட்டு மூடிவிடுகிறேன். இரண்டு மூன்று நாள் உட்கார முடியாது என்றால் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பேன்.

அண்ணன் மகள் போன வாரம் வந்து, கையை அடியில் விட்டுப் பார்த்தாள். தனக்கும் ஒன்று வேண்டுமாம், பயணத்தில் சின்ன வேலைகளுக்கு எடுத்துப்போக, 15 அங்குலத்தில், கால் மடங்கும்படி. ஆசாரி அண்ணன் கீல் எங்கே வைப்பது என்று அட்டையில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். விரிப்பில் இடதுபக்கக் கதிர்க்கட்டு முடிந்தது, கொடியில் இரண்டு குலை பாக்கி. வளையத் தடம் விழுந்த அந்த மூன்று பழத்தையும் நேற்று பிரித்துவிட்டேன். நாளைக் காலை வெளிச்சத்தில் அவற்றைப் புதிதாகத் தைக்க வேண்டும்.